வாட்டும் ஓர் எடைக்கல்தான்!



பருப்பும் புளியும் மிளகாய் வற்றலும் விற்கிறவன் கம்ப்யூட்டரைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று உறுப்பினர்கள் சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தவறில்லை. ஆனால் இன்று நம்மில் எத்தனை பேர் கடையில் கம்ப்யூட்டர் இல்லை? 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பில், கணக்கு, இருப்பு எல்லாமே அதற்குள் போய்விட்டது. நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் சிலர் மளிகையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் தொழிலுக்கும் வந்திருக்கிறார்கள். வாங்குகிறவரும் நாம், விற்கிறவரும் நாம். ஆகவே இது நம் பத்திரிகையில் பேச வேண்டிய விஷயம்தான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட் என்பது நாம் தராசில் வைக்கும் எடைக்கல்லைப் போன்றது. எடைக்கல் பொய்யானால் வாடிக்கையாளருக்குச் சரக்கு குறையும். இந்த வாட் பொய்யானால் கடையே எரியும்.

நடந்தது என்ன?

சென்ற ஆண்டு என் கிடங்கில் நடந்ததைச் சொல்கிறேன். பில் போடும் கம்ப்யூட்டரைப் புதிதாக மாற்றினோம். பழையதைக் கட்டட வரைபடம் படிக்கும் என் பேரன் கேட்டான். அந்தப் படிப்புக்கு வீட்டின் படத்தை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்க கிராபிக்ஸ் கார்டு வேண்டுமாம். 170 வாட் கார்டு ஒன்றை வாங்கிப் போட்டோம். பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் கார்டுக்கான பிளக் இல்லை. கடைக்காரத் தம்பி ஒரு கன்வெர்ட்டர் வயரைக் காசு வாங்காமல் கொடுத்து, மாட்டியும் கொடுத்தார்.

இருபது நாள் ஓடியது. ஒரு நாள் மாலை கிடங்கு அலுவலறையில் பேரன் வேலை செய்துகொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த பையன் ஓடிப்போய் மெயினை அணைத்தான். திறந்து பார்த்தால் கன்வெர்ட்டர் பிளக் உருகி ஒட்டிப் போயிருந்தது. பக்கத்திலேயே சணல் சாக்குக் கட்டு, அதற்கு அப்பால் எண்ணெய் டின்கள். அது இரவு ஒன்பது மணிக்கு மேல், ஆள் இல்லாத நேரத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

மறுநாள் அந்தத் தம்பியைக் கேட்டேன். "அண்ணாச்சி, பெட்டியில 450 வாட்னு போட்டிருந்துச்சு. அதை நம்பித்தானே மாட்டிக் குடுத்தேன்?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நமக்கு வேண்டிய குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. மூட்டையில் 50 கிலோ என்று அச்சடித்திருந்தாலும் தராசில் ஏற்றாமல் நாம் லோடு இறக்குவதுண்டா? சாக்கின் மேல் எழுதியதை நம்பி நான் விற்றேன் என்று நம் வாடிக்கையாளரிடம் சொன்னால் அவர் ஒப்புக்கொள்வாரா?

450 எங்கே போயிற்று?

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தேன். நான் பள்ளிப் படிப்போடு நிறுத்தியவன்தான். ஆனால் கூட்டலும் பெருக்கலும் நமக்குக் கைவந்த தொழில். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். லேபிளில் 3.3 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் என்று இருந்தது, 66 வாட். 5 வோல்ட்டுக்கு 24 ஆம்பியர், 120 வாட். 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர், 192 வாட். மீதியுள்ள சில்லறை வழிகள் இரண்டும் சேர்ந்து 16 வாட். எல்லாம் கூட்டினால் 394 வருகிறது. 450 வரவே இல்லை. லேபிளைத் தயாரித்தவர் தன் கணக்கைத் தானே கூட்டிப் பார்க்கவில்லை!

அதைவிடப் பெரிய விஷயம் வேறு. இன்றைய கம்ப்யூட்டரில் பெரும் சுமை முழுவதும் 12 வோல்ட் வழியில்தான். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் அதிலிருந்துதான் எடுக்கின்றன. 3.3, 5 வோல்ட் வழிகளில் இருப்பது அவற்றுக்கு உதவாது. அரிசிக்கு வந்தவரிடம், அரிசி இல்லை, அதே எடைக்கு உப்பு இருக்கிறது என்று சொன்னால் எப்படி? அந்தப் பெட்டி 12 வோல்ட்டில் கொடுப்பது 192 வாட். கார்டு 170, பிராசஸர் 65, ஆக மொத்தம் 235. பெட்டி தாங்காது என்பது லேபிளிலேயே எழுதியிருக்கிறது. வாங்கிய நானும் படிக்கவில்லை, விற்ற தம்பியும் படிக்கவில்லை.

ஒழுங்கான கம்பெனியின் 550 வாட் பெட்டியை எடுத்துப் பாருங்கள். 12 வோல்ட் வழியில் மட்டும் பெரும்பாலும் 500 வாட்டுக்கு மேல் இருக்கும். இரண்டு பெட்டியின் விலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எடையைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள்; அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நிச்சயமான சாட்சி லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியர்தான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரிய வாட் பெட்டி வாங்கினால் கரண்ட் பில் ஏறும் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். அது தவறு. ஆயிரம் மூட்டை கொள்ளும் கிடங்கில் நூறு மூட்டை வைத்தால் நூறுதானே இருப்பு? வாட் என்பது பெட்டியின் கொள்ளளவு. கம்ப்யூட்டர் கேட்பதைத்தான் அது எடுத்துக் கொடுக்கும், கொடுக்கும்போது கொஞ்சம் வெப்பமாக வீணாகும். அந்த வீண் செலவைக் குறைவாக வைத்திருப்பதற்குத் தரும் சான்றுதான் '80 பிளஸ்' முத்திரை. அதன் அடிப்படைத் தரத்தில் 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீதம் பயனாக வர வேண்டும். அது சிக்கனத்துக்கான முத்திரையே தவிர, பாதுகாப்புக்கு முழு உத்தரவாதம் அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பிளக்கின் கணக்கு

அடுத்து பிளக். கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்து அதிகபட்சம் 75 வாட் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து தனி வயர் வர வேண்டும். ஆறு பின் பிளக்குக்கு 75 வாட், எட்டு பின் பிளக்குக்கு 150 வாட். ஸ்லாட்டும் ஓர் எட்டு பின்னும் சேர்ந்தால் 225 வாட். ஸ்லாட்டும் இரண்டு எட்டு பின்னும் சேர்ந்தால் 375 வாட். நம் ஊர்ப் படிக்கணக்கை விட எளிது.

எங்களுக்குக் கொடுத்த கன்வெர்ட்டரின் ஒரு முனை எட்டு பின். மறு முனையில் ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக் இரண்டு. ஒரு சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின். பின் ஒன்றுக்கு 1.5 ஆம்பியர். ஆக 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். இரண்டு சேர்ந்தால் 108. முன்னால் 150 என்று பலகை, பின்னால் சரக்கு 108. போதாக்குறைக்கு அந்த இரண்டு பிளக்கும் பெட்டியிலிருந்து வரும் ஒரே வயரில் தொங்கியவை. உருகாமல் என்ன செய்யும்? எஸ்.எம்.பி.எஸ். தயாரிப்பாளர் கார்டுக்கான பிளக்கை வைக்கவில்லை என்றால், இந்தப் பெட்டி கார்டுக்கு ஆகாது என்று அவர் சொல்லாமல் சொல்கிறார். கன்வெர்ட்டர் அந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது.

இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. பிராசஸருக்குப் போகும் எட்டு பின் பிளக்கும் கார்டுக்குப் போகும் எட்டு பின் பிளக்கும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். உள்ளே 12 வோல்ட்டும் எர்த்தும் மாறி இருக்கும். பின்களின் வடிவம் வேறாக இருப்பதால் எளிதில் நுழையாது. நுழையாததை அமுக்கி நுழைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது, வயரைக் கழற்றி மாட்டும் வகை எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகள். பெட்டிப் பக்கத்து முனைக்குப் பொதுவான விதி கிடையாது. ஒரு கம்பெனியின் வயரை இன்னொரு கம்பெனிப் பெட்டியில் மாட்டினால் பிளக் பொருந்தலாம், ஆனால் மின்சாரம் தவறான வழியில் போய்ப் பொருள்கள் கருகலாம். பழைய வயரைப் பத்திரப்படுத்தி வைத்து, புதுப் பெட்டியில் பயன்படுத்தும் சிக்கனப் பழக்கம் நம்மிடம் அதிகம். இந்த ஓர் இடத்தில் அது கூடாது.

பெரிய இடத்திலும் தவறு உண்டு

சிறிய கடைக்காரர் மட்டும்தான் தவறு செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. 2016இல் ஏ.எம்.டி. கம்பெனி வெளியிட்ட ஆர்.எக்ஸ். 480 கார்டில் ஆறு பின் பிளக் ஒன்றுதான். ஸ்லாட் 75, பிளக் 75, கார்டின் அளவு 150. கைக்கு மெய்யாக இருந்தது, மிச்சம் ஏதும் இல்லை. ஸ்லாட்டிலிருந்து விதிக்கு மேல் எடுக்கிறது என்று சோதித்தவர்கள் காட்டினார்கள். அடுத்த மாதமே அந்தக் கம்பெனி மென்பொருள் திருத்தம் கொடுத்துச் சரிசெய்தது.

2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 வந்தது. 450 வாட் கார்டு, நம் நாட்டில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விலை. மூன்று நான்கு பிளக்குக்குப் பதிலாக, 600 வாட் வரை தரும் ஒரே ஒரு சிறிய 16 பின் பிளக். வந்த மாதமே பிளக் உருகிய படங்கள் வெளியாயின. சுமார் 50 புகார்கள் வந்திருப்பதாகவும், பிளக்கை முழுவதும் அழுத்தி மாட்டாதது பொதுவான காரணமாகத் தெரிகிறது என்றும் கம்பெனி நவம்பரில் சொன்னது.

கம்பெனி சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் வியாபாரி என்ற முறையில் எனக்கு வேறொரு கணக்குத் தோன்றுகிறது. பழைய எட்டு பின்னில் 12 வோல்ட் ஏற்றுகிற பின் மூன்று. 150 வாட் என்றால் பின் ஒன்றுக்கு 4.2 ஆம்பியர். அந்தப் பின் ஏழெட்டு ஆம்பியர் தாங்கும். ஏறக்குறைய பாதி மிச்சம். புதிய 16 பின்னில் 12 வோல்ட் பின் ஆறு. 600 வாட் என்றால் மொத்தம் 50 ஆம்பியர், பின் ஒன்றுக்கு 8.3. விதிப்படி தாங்க வேண்டியது 9.2. மிச்சம் ஓர் ஆம்பியர்கூட இல்லை. ஆறில் இரண்டு சரியாகத் தொடவில்லை என்றால், மற்ற நான்கும் பன்னிரண்டரை ஆம்பியர் சுமக்க வேண்டிவரும். லாரியில் முழு லோடு ஏற்றி, டயரில் ஒன்று காற்று இறங்கினாலும் பயணம் நடக்கும் என்றால்தான் அது நல்ல லாரி. எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ஓடும் என்றால், அந்த லாரியை நாம் வாடகைக்கு எடுப்போமா?

2023இல் அந்தப் பிளக்கைத் திருத்தினார்கள். முழுவதும் உள்ளே போகாவிட்டால் மின்சாரம் வராதபடி, அறிவிப்புக் கொடுக்கும் சிறு பின்களைக் குட்டையாக்கினார்கள். ஆனால் ஓரத்தில் உள்ள மிச்சக் கணக்கு மாறவில்லை. 2025 ஜனவரியில் 575 வாட் ஆர்.டி.எக்ஸ். 5090 வந்தது, அடுத்த மாதமே மறுபடியும் உருகிய படங்கள் வெளியாயின.

இதில் நாம் மெச்ச வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. அந்த 16 பின் பிளக்குக்கு வளைந்த அடாப்டர் செய்து விற்ற கேபிள்மாட் என்ற கம்பெனி, அவை இளகிச் சூடாகி உருகுவதாகப் புகார் வந்ததும் விற்பனையை நிறுத்தியது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மூலம் சுமார் 25,300 அடாப்டர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வந்த புகார்கள் 272. நூற்றுக்கு ஒன்று என்ற அளவுதான். ஆனாலும் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார்கள். நூற்றுக்கு ஒன்றுதானே என்று அவர்கள் இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

மலிவாகக் கேட்கிறார்களே!

இதைப் பேசினால் கம்ப்யூட்டர் விற்கும் தம்பிமார்கள் ஒரு பதில் சொல்கிறார்கள். "வாடிக்கையாளர் மலிவாகக் கேட்கிறார். நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். நாங்கள் என்ன செய்வது?" நியாயமான கேள்விதான். ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கும்போது, கேபினெட்டோடு எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை இலவசமாகப் போட்டுக் கொடு என்று அடித்துப் பேசியவன் நான்தான். அவரும் போட்டார். இலவசமாகக் கேட்டால் இலவசத்துக்குரிய சரக்குதான் வரும். என் கிடங்கில் வந்த வாடையில் என் பங்கும் உண்டு.

ஆனால் மலிவுச் சரக்கு விற்பது வேறு, அளவு பொய்யான சரக்கு விற்பது வேறு. இரண்டாம் ரகப் பருப்பை இரண்டாம் ரகம் என்று சொல்லி விற்றால் அது வியாபாரம். முதல் ரகம் என்று சொல்லி விற்றால் அதற்குப் பெயர் வேறு. 200 வாட் பெட்டியை 200 என்று எழுதி விற்கட்டும். பில் மட்டும் போடும் கம்ப்யூட்டருக்கு அதுவே தாராளம். நம் கடைகளில் பில் போடவும் கணக்கு எழுதவும் தனி கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. பெரும்பாலான பிராசஸர்களில் அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. சிறிய தேவை உள்ளவர்களுக்கு ஸ்லாட்டின் 75 வாட்டிலேயே ஓடும் கார்டுகளும் வந்திருக்கின்றன. மளிகைக் கடைக்காரர் தலையில் ஆயிரம் வாட் பெட்டியையும் வேண்டாத கார்டையும் கட்டுவதும், 170 வாட் கார்டை இற்றுப்போன பெட்டியில் மாட்டிக் கொடுப்பதும் ஒரே குற்றத்தின் இரண்டு பக்கங்கள். இரண்டிலும் விற்பவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

சட்டத்தையும் நினைவுபடுத்துகிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் ஏற்படும் கேட்டுக்கு விற்பனையாளரும் பொறுப்பாகும் சந்தர்ப்பங்கள் தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. பொருளைப் பொருத்திக் கொடுப்பதிலும் சோதிப்பதிலும் நியாயமான கவனம் எடுக்காதது அதில் ஒன்று. தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விடுவது இன்னொன்று. தயாரித்தவர் யாரென்றே தெரியாத பெயரில்லாப் பெட்டியை விற்றால், பாரம் விற்றவர் தலையில்தான். அசெம்பிள் செய்யும் நம் பிள்ளைகள் இதை ஒருமுறை படித்து வைத்துக்கொள்வது நல்லது.

என் யோசனைகள்

நம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

1. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் உறுப்பினர்கள் பில்லில் 'எஸ்.எம்.பி.எஸ். ஒன்று' என்று மட்டும் எழுதாமல், கம்பெனி பெயர், மாடல், 12 வோல்ட் ஆம்பியர், கார்டுக்கான பிளக் எத்தனை என்பதையும் எழுத வேண்டும். நான்கு சொற்கள் கூடுதல், அவ்வளவுதான்.

2. கிராபிக்ஸ் கார்டு மட்டும் வாங்க வருகிறவரிடம், வீட்டில் உள்ள எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் போனில் படம் எடுத்து வரச் சொல்ல வேண்டும். பார்க்காமல் கார்டு கொடுக்கக் கூடாது. கார்டின் வாட், பிராசஸரின் வாட், மற்றவற்றுக்கு 50 வாட், இவற்றைக் கூட்டி மேலே மூன்றில் ஒரு பங்கு மிச்சம் வைத்துப் பார்க்கட்டும். கார்டு கம்பெனி சொல்லும் அளவு அதைவிட அதிகமானால் அதையே எடுத்துக்கொள்ளட்டும். இந்தக் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்கு எழுதிய அளவுக்கு மேலும் இழுக்கும் என்பதால்தான் 450 வாட் கார்டுக்கு 850 வாட் பெட்டி வேண்டும் என்று கம்பெனியே சொன்னது.

3. சாட்டாவிலிருந்து கார்டுக்குப் போகும் கன்வெர்ட்டர் வயரை உறுப்பினர் எவரும் விற்கவும் வேண்டாம், இலவசமாகக் கொடுக்கவும் வேண்டாம்.

4. மாட்டிக் கொடுக்கும்போது பிளக் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று வாடிக்கையாளர் கண்ணாலேயே பார்க்கச் செய்ய வேண்டும். பிளக்கை ஒட்டி வயரை மடக்கக் கூடாது.

5. வாங்கும் நாம், எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை இலவசமாகக் கேட்பதை நிறுத்த வேண்டும். கிடங்கில் சாக்கும் எண்ணெயும் இருக்கும் இடத்தருகே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், கடை பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஊருக்கு ஊர் வேறு வேறு படியும் வீசையும் இருந்த காலத்தை என் தகப்பனார் சொல்லியிருக்கிறார். 1956இல் சட்டம் வந்து, கிலோவும் லிட்டரும் எல்லா ஊருக்கும் ஒன்றாயின. முதலில் முணுமுணுத்தவர்கள் நம் வியாபாரிகள்தான். பிறகு அதனால் அதிகம் பயன் அடைந்தவர்களும் நாமே. முத்திரை போட்ட எடைக்கல் இருந்ததால்தான் முகம் தெரியாத ஊரிலிருந்தும் நம்மை நம்பிச் சரக்கு வாங்க ஆள் வந்தது.

உருகிய அந்தக் கன்வெர்ட்டர் என் கல்லாப்பெட்டியின் மேல் இருக்கிறது. அதை விற்ற தம்பி சென்ற மாதம் வந்திருந்தார். கார்டுக்கான பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக, இனி 12 வோல்ட் ஆம்பியரைப் பில்லில் எழுதுவீர்களா என்று கேட்டேன். எழுதுகிறேன் அண்ணாச்சி என்றார். இப்போது எழுதுகிறார், இரண்டு பில்களை நானே பார்த்தேன். ஒருவர் செய்ய முடிந்ததைச் சங்கமே சேர்ந்து செய்ய முடியாதா? உறுப்பினர்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.